கொடி வெட்டியவர் வீட்டு வைன்

இந்த மாதம் வைனைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் தாய்மார்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். குடும்பப் பத்திரிகையில், அதுவும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எழுதும் பக்கத்தில், மதுவுக்கு என்ன வேலை என்று கேட்பது நியாயமே. குடி நம் வீடுகளில் என்ன செய்தது என்பதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் கணவனுக்காகக் காத்து நின்ற பெண்களின் கதை ஏறக்குறைய ஒவ்வொரு லயத்துக்கும் உண்டு. கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது, 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று. அந்தக் காலத்திலேயே நம்மவர்களுக்கு அந்தத் தெளிவு இருந்தது. பிறகு சம்சு வந்தது. கள் தின்றது போக மிச்சமிருந்ததை அது தின்றது.

ஆகவே இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அன்று. வைனும் போதைப் பொருள்தான். விலை கூடிய கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினால் போதை மரியாதைக்குரியதாக ஆகிவிடாது. மது எந்த அளவிலும் உடலுக்குத் தீங்கற்றது என்று சொல்வதற்கில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே அறிவித்தது. நான் சொல்ல வந்தது தொழிலாளர்களின் கதை. அமெரிக்காவில் திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை செய்த சில மெக்சிகோக் குடும்பங்கள், தங்கள் சொந்தப் பெயரில் முதல் வைனை உண்டாக்கி, ஊரார் சுவைத்துப் பார்க்கக் கொடுத்த கதை. பால்வெட்டிப் பிழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமான நாம் அதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதலில், வைன் என்றால் என்ன? கள் எப்படி உண்டாகிறது என்பது உங்களுக்குத் தெரியும். பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுவது இனிப்பு நீர். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் நொதி என்னும் நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று, அதைச் சாராயச் சத்தாகவும் கரிவளியாகவும் மாற்றுகிறது. நுரை பொங்குவது அதனால்தான். இட்லி மாவு இரவில் பொங்குவதும் இதற்கு அண்டை வீட்டுச் சங்கதியே. திராட்சைச் சாறும் அப்படித்தான் நொதிக்கிறது. கள் காலையில் இறங்கி மாலையில் புளித்துவிடும்; நாளைக்கு இருக்காது. திராட்சையில் சர்க்கரையும் புளிப்பும் மிகுதி. அதனால் அதிலிருந்து வரும் வைனில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு பங்கு வரை சாராயச் சத்து இருக்கும். காற்றுப் படாமல் மூடி வைத்தால் பல ஆண்டுகள் கெடாது. காற்றுப் பட்டால் இரண்டுக்கும் ஒரே கதிதான்: காடி.

கறுப்புத் திராட்சையைத் தோலோடு நொதிக்க விட்டால் சிவப்பு வைன். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்குகின்றன. வெள்ளை வைனுக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து தோலை நீக்கிவிடுவார்கள். பிறகு ஓக் மரப் பீப்பாயில் சில மாதங்கள் முதல் இரண்டொரு ஆண்டுகள் வரை வைத்திருப்பதும் உண்டு. ஒரு பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும். ஏறக்குறைய முந்நூறு போத்தல். ஒரு போத்தலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் வேண்டும்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, நாப்பா, சொனோமா என்று இரண்டு பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. அவற்றின் தென்கோடியில், கடற்காற்றும் மூடுபனியும் வந்து தங்கும் கார்னெரோஸ் என்னும் பகுதி இரண்டுக்கும் பொது. பகலில் வெயில், இரவில் குளிர். திராட்சைக்கு இது தோதான நிலம். நிரை நிரையாகக் கம்பி கட்டி, அதில் கொடியைப் படர விட்டிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நம் பால்மரக் காட்டு நிரையைக் குட்டையாக்கி வைத்ததுபோல் இருக்கும்.

பழம் பறிப்பது ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. வெயில் ஏறினால் பழம் சூடாகிச் சாறு கெட ஆரம்பிக்கும். ஆகையால் பல தோட்டங்களில் நள்ளிரவுக்குப் பிறகு, நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பறிக்கிறார்கள். நெற்றி விளக்கு என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? இருட்டோடு எழுந்து, விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுவை விரட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடிய நம் அம்மாக்களின் விளக்கேதான் அது. கையில் சிறு வளைகத்தி. குலையின் காம்பை ஓர் இழுப்பில் அறுத்துக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த குலைக்குப் போக வேண்டும். பல இடங்களில் எடைக்குத்தான் கூலி. நின்று மூச்சு வாங்கினால் அந்த மூச்சுக்குக் கூலி இல்லை.

ஆனால் திராட்சைத் தோட்டத்தில் உண்மையான வித்தை பழம் பறிப்பதில் இல்லை. குளிர்காலத்தில் கொடியை வெட்டிவிடுவதில் இருக்கிறது. இலையெல்லாம் உதிர்ந்து கொடி மொட்டையாக நிற்கும் மாதங்களில், அந்த ஆண்டு வளர்ந்த தண்டில் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். எந்தத் தண்டை விடுவது, அதில் எத்தனை கணுவை விடுவது என்பதைத் தொழிலாளி கண்ணால் பார்த்து அந்தக் கணமே முடிவு செய்ய வேண்டும். கணுவை அதிகம் விட்டால் குலைகள் பெருகும், பழம் சப்பென்று இருக்கும். குறைத்து விட்டால் கொடி இலையாகவே வளரும். தவறான இடத்தில் வெட்டினால் காயத்தின் வழியாகப் பூசணம் புகுந்து, சில ஆண்டுகளில் கொடியே பட்டுப்போகும். அடுத்த ஆண்டு வைன் எப்படி இருக்கும் என்பதில் பாதியை, ஜனவரி மாதக் குளிரில் கத்தரியோடு நிற்கும் அந்த மனிதர் தீர்மானித்துவிடுகிறார்.

இதை மற்றவர்களுக்கு விளக்குவதுதான் கடினம். உங்களுக்கு எளிது. உளி ஓர் இழை ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு முண்டும் முடிச்சுமாகிவிடும். ஓர் இழை மேலாகப் போனால் பால் இறங்காது. பட்டையைத் தாள்போலச் சீவி, உள்மரத்தைத் தொடாமல் திரும்பும் அந்தக் கையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்துப் பெற முடியாது. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் மரம் பால் கொடுத்ததென்றால், அது அந்தக் கையின் தயவால்தான். ஆனால் ரப்பர் ஷீட் கப்பலேறிப் போனபோது அதில் இருந்தது தோட்டத்தின் முத்திரை. வெட்டிய கையின் பெயர் அதில் எங்கும் இல்லை.

திராட்சையிலும் நெடுங்காலம் அப்படித்தான். 1942 முதல் 1964 வரை, இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி மெக்சிகோ நாட்டு ஆண்களை அமெரிக்கப் பண்ணைகளுக்கு வரவழைத்தார்கள். அவர்களுக்கு வைத்த பெயர் 'பிராசெரோ'. அந்த மொழியில் 'பிராசோ' என்றால் கை. ஆக, பிராசெரோ என்பவர் கையால் உழைப்பவர். தலையும் பெயரும் ஊரும் உள்ள ஒரு மனிதரை, வெறும் கையாகக் குறுக்கிய சொல் அது. நம் பாட்டன்மார்களைக் 'கூலி' என்று எழுதி வைத்தார்களே, அதற்கு அது உடன்பிறப்பு.

போராட்டமும் இல்லாமல் இல்லை. 1965 செப்டம்பரில் கலிபோர்னியாவின் டெலானோ பகுதியில் திராட்சைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். முதலில் இறங்கியவர்கள் நமக்கு அண்டை நாடான பிலிப்பைன்ஸிலிருந்து போனவர்கள். அவர்களை வழிநடத்தியவர் லாரி இட்லியோங். சில நாள்களில் மெக்சிகோத் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவரை வைத்து வேலை வாங்கும் முதலாளிகளின் பழைய தந்திரம் அங்கே பலிக்கவில்லை. திராட்சையை வாங்காதீர்கள் என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1970-இல்தான் பெரிய பண்ணைகள் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தன.

அந்த ஐந்து ஆண்டுகளுக்கு நடுவில், 1968-இல், ரெய்னால்டோ ரொப்லெடோ என்னும் பதினாறு வயதுப் பையன் மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்திலிருந்து நாப்பாவுக்கு வேலைக்கு வந்தார். அவருடைய தந்தையும் பாட்டனும் பிராசெரோக்களாக வந்து போனவர்கள். இவர் கொடி வெட்டக் கற்றுக்கொண்டார், ஒட்டுக்கட்டக் கற்றுக்கொண்டார். வேகமும் கணக்கும் கைவந்தபின் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தார். 1984-இல் கார்னெரோஸில் பதின்மூன்று ஏக்கர் நிலம் வாங்கினார். அவருக்கும் மனைவி மரியாவுக்கும் ஒன்பது பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளும் கொடிக்கிடையில்தான் வளர்ந்தார்கள்.

இதற்கு ஒரு வருடம் முன்பு, 1983-இல், அதே கார்னெரோஸில் சேஹா என்னும் குடும்பம் பதினைந்து ஏக்கர் வாங்கியிருந்தது. தந்தை பாப்லோ சேஹாவும் ஒரு பிராசெரோதான். 1967-இல் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நாப்பாவில் குடியேறியவர். அதே 1967-இல்தான், தம் தந்தை வேலை செய்துகொண்டிருந்த நாப்பாவுக்கு அமெலியா என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமியும் வந்து சேர்ந்தாள். பாப்லோவின் மகன் பேட்ரோவும் அமெலியாவும் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டது திராட்சை நிரைக்கிடையில். இருவரும் படித்தார்கள், மணந்துகொண்டார்கள். பேட்ரோ பொறியாளர் ஆனார். தம்பி அர்மாண்டோ டேவிஸ் பல்கலைக்கழகத்தில் திராட்சை வளர்ப்பும் வைன் தொழிலும் படித்தார். பெற்றோரும் மகன்களும் மருமகளுமாகச் சேமிப்பை ஒன்றாகப் போட்டு வாங்கியதுதான் அந்தப் பதினைந்து ஏக்கர்.

நிலம் வாங்கியதோடு கதை முடிந்ததென்று எண்ணிவிடாதீர்கள். கொடி நட்டால் மூன்றாம் ஆண்டில்தான் ஓரளவு பழம். செம்பனையும் ஏறத்தாழ அப்படித்தானே? பால்மரமானால் ஐந்தாறு ஆண்டுகள். இடையில் மரம் ஒன்றும் தராது, கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து கதவைத் தட்டும். ஆகையால் இரண்டு குடும்பங்களும் நிலம் கிடைத்த உடனே வைன் முதலாளிகளாகிவிடவில்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டே கொடியை வளர்த்தார்கள். பழத்தை மற்ற ஆலைகளுக்கு விற்றார்கள். ரொப்லெடோ, அடுத்தவர்களின் திராட்சைத் தோட்டங்களைப் பராமரித்துக் கொடுக்கும் தொழிலை 1996-இல் தொடங்கினார். 1997-இல் ரொப்லெடோ குடும்பத்தின் பெயரில் வைன் ஆலை பிறந்தது. சேஹா குடும்பத்தின் வைன் நிறுவனம் 1999-இல். அதன் தலைவியானவர் அமெலியா. அமெரிக்காவில் ஒரு வைன் நிறுவனத்துக்குத் தலைமையேற்ற முதல் மெக்சிகோ வழிப் பெண் அவரே. நிலத்துக்கும் வைனுக்கும் நடுவில் பதின்மூன்று, பதினாறு ஆண்டுகள். இந்த இடைவெளியைத்தான் வெற்றிக் கதைகள் எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

சரி, வைனைச் சுவைத்துப் பார்ப்பது என்கிறார்களே, அது எப்படி? சுவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அதைக் குடிப்பதில்லை! கிண்ணத்தில் ஒரு வாய் அளவுதான் ஊற்றுவார்கள். வெள்ளைத் துணிக்கு எதிரே சாய்த்து நிறம் பார்ப்பார்கள். மெல்லச் சுழற்றி மணம் எழுப்பி மூக்கை உள்ளே நுழைப்பார்கள். ஒரு மிடறு வாயில் வாங்கி, நாக்கின் எல்லாப் பக்கமும் படுமாறு உருட்டி, பக்கத்திலிருக்கும் வாளியில் துப்பிவிடுவார்கள். ஒரே நாளில் ஐம்பது அறுபது வைன்களைப் பார்ப்பவர் விழுங்கினால் எண்ணிக்கை தெரியாமல் போகுமே! நம் வீட்டில் அம்மா குழம்பில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிறாரே, அவரும் அப்போது சாப்பிடவில்லை, சோதிக்கிறார். புளிப்பு எவ்வளவு, பாக்கு மென்றதுபோல ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு எவ்வளவு, பழ மணம் நிற்கிறதா, பீப்பாயின் மணம் பழத்தை அமுக்கிவிட்டதா, விழுங்காமலே தொண்டையில் எவ்வளவு நேரம் சுவை தங்குகிறது என்பவைதாம் அவர்கள் பார்ப்பவை.

புதிய ஆலையின் முதல் வைனை இப்படிச் சுவைப்பதில் ஒரு பதைப்பு உண்டு. குழம்பு சரியில்லையென்றால் நாளைக்கு வேறு வைக்கலாம். வைன் வருடத்துக்கு ஒரு தடவைதான். முப்பது வயதில் தொடங்குபவருக்கு வாழ்நாளில் நாற்பது தடவை வாய்த்தால் அதிகம். அந்த ஆண்டின் மழை, வெயில், வெட்டியவர் கை, பறித்த நாள் எல்லாம் போத்தலுக்குள் போய்விட்டபின் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. இளங்கொடியின் பழத்தில் ஆழம் இராது என்று சொல்லும் வல்லுநர்களும் உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் ஒரு குடும்பம் தன் பெயரை அச்சிட்டு ஒட்டி, முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கிறது.

பெயரை மறைத்துவிட்டுச் சுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல சம்பவம் இருக்கிறது. 1976 மே 24-ஆம் நாள், பாரிஸ் நகரில் ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கில வைன் வணிகர் ஒரு சோதனை நடத்தினார். பிரான்சின் புகழ்பெற்ற வைன்களோடு கலிபோர்னியாவின் புது ஆலைகள் சிலவற்றின் வைன்களையும் போத்தல் அடையாளம் தெரியாமல் ஊற்றி வைத்தார். புள்ளி போட்டவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள், அந்தத் துறையில் பெரிய கைகள். வெள்ளையிலும் சிவப்பிலும் அவர்கள் முதலிடம் கொடுத்தது நாப்பா வைன்களுக்கு! இது பிரான்சுதான் என்று ஒரு நடுவர் மகிழ்ந்து சொன்னது கலிபோர்னியா வைனாக இருந்த வேடிக்கையும் நடந்தது. அங்கே வந்திருந்த ஒரே செய்தியாளர் டைம் பத்திரிகையின் ஜார்ஜ் டேபர். அவர் எழுதியதால் உலகத்துக்குத் தெரிந்தது. சிவப்பில் வென்ற ஸ்டேக்ஸ் லீப் ஆலையின் உரிமையாளர் வாரன் வினியார்ஸ்கி சிக்காகோவில் கல்லூரி விரிவுரையாளராக இருந்தவர். வேலையை விட்டு மனைவி மக்களோடு கலிபோர்னியாவுக்கு வந்து தொழில் கற்றவர். வென்ற வைன் 1973-ஆம் ஆண்டுப் பழத்தில் ஆனது. கொடி நட்டது 1970-இல். மூன்று வயதுக் கொடி! இளங்கொடியைப் பற்றிப் பேசிய வல்லுநர்கள் அன்று என்ன சொன்னார்களோ.

அந்த வினியார்ஸ்கியின் இடத்தில் ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1985 கோடையில், ஒரு பள்ளி மாணவர் கல்லுடைக்க வந்தார். சுவர் கட்டுவதற்காகப் பாறை உடைக்கும் விடுமுறை வேலை. பெயர் ரோலாண்டோ ஹெர்ரேரா. இவரும் மிச்சோவகான்காரர், உணவகத்தில் தட்டுக் கழுவியவர், சமையற்கட்டில் நின்றவர். பையன் வேலை செய்யும் விதத்தை முதலாளி கவனித்தார். அறுவடைக் காலத்தில் ஆலைக்குள் வந்து வேலை செய்கிறாயா என்று கேட்டார். வெளியே கல்லுடைத்தவர் உள்ளே பீப்பாய் கழுவப் போனார். சில ஆண்டுகளில் பீப்பாய் அறைக்கே பொறுப்பாளரானார். கல் உடைத்தவருக்கு அந்தக் கதவு திறந்தது அவருடைய திறமையால் என்று சொல்லலாம். திறக்க மனமுள்ள ஒருவர் உள்ளே இருந்ததாலும்தான் என்பேன். நம் தோட்டங்களில் எத்தனை மண்டோர்களுக்கும் துரைமார்களுக்கும் அந்தக் கண் இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஹெர்ரேரா மணந்துகொண்டது யாரை? நாம் முன்னே பார்த்த ரெய்னால்டோ ரொப்லெடோவின் மகள் லொரேனாவை. இருவரும் 1997-இல் சிறிய அளவில் சொந்தமாக வைன் செய்யத் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் 'மி சுவேஞ்ஞோ'; என் கனவு என்று பொருள். மாமனார் வீட்டு வைனுக்கும் மருமகன் கைகொடுத்தார்.

2003-இல் ரொப்லெடோ குடும்பம் சொனோமாவில் ஒரு சுவைக்கூடம் திறந்தது. வருகிறவர்கள் உட்கார்ந்து வைனைச் சுவைத்து, பிடித்தால் வாங்கிப் போகும் இடம். திராட்சைத் தோட்டத்துக்கு வேலை தேடி வந்த ஒரு மெக்சிகோத் தொழிலாளி அமெரிக்காவில் திறந்த முதல் சுவைக்கூடம் அதுதான். 2008-இல் மெக்சிகோ அதிபர் ஃபெலிப்பே கால்தெரோன் அங்கே வந்து போனார். ஆனால் எனக்கு அதிபர் வந்ததைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. அவர்களுடைய சிவப்பு வைன் ஒன்றுக்கு 'லாஸ் பிராசெரோஸ்' என்று பெயர் வைத்தார்கள். தாத்தாவையும் அப்பாவையும் நினைத்து வைத்த பெயர். கையாட்கள், கூலிகள்! ஒரு காலத்தில் ஏளனமாக ஒலித்த சொல்லைப் போத்தலின் முகத்தில் அச்சடித்து, காசு கொடுத்து வாங்குகிறவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள்.

இந்த இடத்தில் என் வகுப்பறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வருடத் தொடக்கத்தில் மாணவர் விவரப் பாரத்தை நிரப்பும்போது பெற்றோர் தொழில் என்ற இடம் வரும். தோட்டத்தில் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கொண்டு வருவார்கள். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். 'சொந்த வேலை' என்று எழுதிய பிள்ளையும் உண்டு. லாரி ஓட்டுகிறார், காவல் வேலை பார்க்கிறார் என்று எழுதும் பிள்ளை, பாட்டி பால்வெட்டினார் என்று சொல்லத் தயங்குகிறது. அந்தக் கூச்சத்தைப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் கற்றதா, வீட்டில் கற்றதா? 'படிக்காவிட்டால் காட்டு வேலைக்குத்தான் போவாய்' என்று நாமே ஆயிரம் தடவை சொல்லி வளர்க்கிறோம். படிக்க வைப்பதற்காகச் சொல்வதுதான். நானும் ஆசிரியர், அதன் நோக்கம் புரியாதவன் அல்லன். ஆனால் பிள்ளையின் காதில் விழுவது, அப்பாவும் பாட்டியும் செய்த வேலை ஒரு தண்டனை என்பது.

நம்மவர்களுக்கு நிலத்தின் அருமை தெரியாமல் போனது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்ட நேரத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் தோட்டந்தோட்டமாகப் போய்ப் பேச, தொழிலாளர்கள் கூலியிலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பாப்லோ சேஹாவின் குடும்பம் சேமிப்பை ஒன்றாகப் போட்டதற்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, நம் தாத்தாக்கள் அதை ஆயிரக்கணக்கில் சேர்ந்து செய்தார்கள். உங்கள் வீட்டுப் பழைய தகரப் பெட்டியில் அந்தப் பங்குப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். கிழித்து எறிந்துவிடாதீர்கள்.

நாப்பாவில் எல்லாத் தொழிலாளர்களும் முதலாளிகளாகிவிட்டார்கள் என்று நான் படம் காட்ட வரவில்லை. பழம் பறிப்பவர்களில் பெரும்பாலோர் பறிப்பவர்களாகவே இருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் நிலத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது; ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பதே தொழிலாளிக்குச் சிரமம். தூரத்து ஊர்களிலிருந்து விடியுமுன் காரில் வந்து வேலை செய்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பலர். தனியாக வரும் ஆண்களுக்காக மாவட்டத்தில் தொழிலாளர் விடுதிகள் நடக்கின்றன. அவற்றின் செலவில் ஒரு பகுதிக்காகத் தோட்ட உரிமையாளர்கள் ஏக்கர் கணக்கில் தங்கள்மேல் தாங்களே ஒரு வரி விதித்துக்கொண்டார்கள். 1983-இலும் 1984-இலும் கூலிக்காரர் இரு வீட்டாருக்கு எட்டிய நிலம், இன்று வரும் பதினாறு வயதுப் பையனுக்கு எட்டாது. இங்கே நம் தோட்டங்களில் குலை வெட்டும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளிகளுக்கும் அதே நிலைதான். நாம் இருந்த லயங்களில் இப்போது அவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நம் பிள்ளைகள் என்ன சொல்லால் கூப்பிடுகிறார்கள் என்பதையும் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஹெர்ரேராவின் வைனைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. 2001 செப்டம்பர் 5-ஆம் நாள், அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், மெக்சிகோ அதிபர் விசென்தே ஃபாக்ஸுக்கு வெள்ளை மாளிகையில் விருந்து வைத்தார். புஷ் பதவிக்கு வந்தபின் கொடுத்த முதல் அரசு விருந்து அது. அந்த மேசையில் விருந்தினர்களுக்கு ஊற்றிய வெள்ளை வைன், 1999-ஆம் ஆண்டுக் கார்னெரோஸ் பழத்தில் செய்த மி சுவேஞ்ஞோ. அதை உண்டாக்கியவர் கோடை விடுமுறையில் கல்லுடைக்க வந்த பையன். அவர் மனைவியின் பாட்டனும் பூட்டனும், கைகள் என்று பெயர் பெற்று எல்லை தாண்டி வந்தவர்கள்.